பனையேறிக் கெண்டை: ஏரியிலும் கண்ணாடித் தொட்டியிலும்

கோடையில் ஏரி வற்றி, மதகடியில் முழங்கால் அளவு சேற்று ஜலம் மட்டும் எஞ்சி நிற்கும் காலத்தில், கட்லா, ரோகு முதலிய மீன்கள் ஜலமட்டத்தில் வாயைப் பிளந்து திணறி மடிவதைக் குடியானவர்கள் யாவரும் கண்டிருப்பர். அதே சேற்றில், ஒரு சாண் நீளமும் இராத, கறுத்த, முரட்டுச் செதிலுள்ள மீன் ஒன்று மாத்திரம் யாதொரு கவலையுமின்றி இருக்கும். சில நிமிஷங்களுக்கு ஒரு முறை மேலே வந்து ஒரு வாய்க் காற்றை விழுங்கிவிட்டு, மறுபடியும் அடியில் சென்று ஒளியும். கையால் பற்றினால் முள்ளால் குத்தும். மூடியில்லாத கூடையில் போட்டால் துள்ளி வெளியேறி வரப்பின்மேல் நடக்கத் தொடங்கும். இதுவே நாம் பனையேறிக் கெண்டை என்றும், சுருக்கமாகப் பனையேறி என்றும் வழங்கும் மீன்.

இது சாகாத மீன் என்று பெயர் எடுத்திருப்பதே இதற்குக் கேடாய் முடிந்திருக்கிறது. ஜலம் வற்றினாலும் கெட்டாலும் தாங்கிக்கொள்ளும் என்ற நினைப்பில், இதற்கென்று எவரும் எதையும் விட்டுவைப்பதில்லை. கட்லாக் குஞ்சுக்குக் குளம் வெட்டுகிறோம். பனையேறிக்கு ஒரு சேற்றுக் குழியையும் மிச்சம் வைப்பதில்லை. ஆனால் இதன் வாழ்க்கையை உற்று நோக்குமிடத்து, இது எல்லாவற்றையும் தாங்கும் மீன் அன்று என்பதும், சிலவற்றை வியக்கத்தக்க விதத்தில் தாங்கி, வேறு சிலவற்றில் மற்ற மீன்களுக்கு முந்தி மடிவது என்பதும் விளங்கும். நிலமுள்ளவர்களும் கிராம உத்தியோகஸ்தர்களும் இந்த வேறுபாட்டை அறிந்திருப்பது அவசியம்.

பெயரில் கெண்டை இருப்பினும், இது கெண்டை இனத்தைச் சேர்ந்ததன்று. குராமி மீனும், சயாம் தேசத்துச் சண்டை மீனுமே இதன் உறவினம். பிராணி நூலில் இதற்கு அனபாஸ் டெஸ்டுடினியஸ் என்று பெயர். முதற் சொல் மேலே ஏறுதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. சாதாரணமாக 10 முதல் 15 சென்டிமீட்டர் வரை வளரும். வசதியான இடத்தில் 25 சென்டிமீட்டர் எட்டுவதும் உண்டு. நிறம் பசுமை கலந்த பழுப்பு. செவுள் மூடியின் பின்புறத்தில் ஒரு கரும்பொட்டும் வாலின் அடியில் ஒரு கரும்பொட்டும் காணப்படும். இளம் மீனில் இவை தெளிவாகத் தெரியும். முதுகுத் துடுப்பின் முற்பகுதியில் 16 முதல் 20 வரை கூரிய முட்கள் வரிசையாக நிற்கின்றன. செவுள் மூடியின் ஓரமோ ரம்பத்தின் பல்லைப் போன்றது. இந்தியா, இலங்கை, வங்காளதேசம், பர்மா, சயாம், கம்போடியா, வியட்நாம், மலேயா, இந்தோனேஷியத் தீவுகள் ஆகிய எல்லா இடங்களிலும் தாழ்ந்த வயல்களிலும் சதுப்புகளிலும் குளம் குட்டைகளிலும் இது வாழ்கிறது. வங்காளிகள் இதனைக் கோய் என்று அழைத்து, நோயினின்று தேறுவோர்க்கு உகந்த உணவென்று விலை கொடுத்து வாங்குவர். அங்கே சந்தைக்கு வருவது பெரும்பாலும் உயிர் மீனே. சிறிது ஜலம் ஊற்றிய பாத்திரத்தில் போட்டு வைத்தால் விற்கும்வரையில் கெடுவதில்லை. ஐஸ் செலவும் இல்லை.

இதன் உயிர் நிலைக்குக் காரணம் தலைக்குள் இருக்கிறது. செவுள்களுக்கு மேலே இரு பக்கத்திலும் ஓர் அறை உண்டு. அதற்குள், மெல்லிய எலும்புத் தகடுகள் விரிந்த பூவின் இதழ்போல் பல மடிப்புகளாய்ச் சுருண்டு கிடக்கின்றன. அத்தகடுகளின்மேல் படர்ந்த தோலில் நுண்ணிய இரத்தக் குழாய்கள் நெருங்கி ஓடுகின்றன. மீன் வாயால் விழுங்கும் காற்று இவ்வறையில் தங்க, அதிலுள்ள பிராணவாயு நேரே இரத்தத்திற் கலக்கிறது. வழி தெரியாமல் சுற்றும்படி கட்டிய கட்டடத்திற்குக் கிரேக்கர் இட்ட லாபிரிந்த் என்ற பெயரையே இவ்வுறுப்புக்கும் பிராணி நூலோர் இட்டிருக்கின்றனர்.

இதனால் கிட்டும் லாபம் எவ்வளவு என்பதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 30 டிகிரி சென்டிகிரேடு வெப்பமுள்ள சுத்தமான ஜலம் ஒரு லிட்டரில், மிஞ்சிப் போனால் ஏழரை மில்லிகிராம் பிராணவாயு கரைந்து நிற்கும். செடி கொடி அழுகும் கோடைக் குட்டையில் விடியற்காலையில் அதுவும் ஏறக்குறைய இல்லாமற் போகும். அதே வெப்பத்தில் ஒரு லிட்டர் காற்றிலோ சுமார் 270 மில்லிகிராம் பிராணவாயு உண்டு. அதாவது சுமார் முப்பத்தாறு மடங்கு. மற்ற மீன்கள் வறண்ட கஜானாவைச் சுரண்டிக்கொண்டிருக்க, பனையேறி மேலே வந்து நிறைந்த கஜானாவிலிருந்து எடுத்துக்கொள்கிறது.

ஆனால் இவ்வசதிக்கு ஒரு விலை உண்டு. காற்றை நம்பிய இம்மீனின் செவுள்கள் சுருங்கிவிட்டன. அவற்றை மட்டும் கொண்டு அது நெடுநேரம் பிழைக்க முடியாது. கண்ணாடித் தொட்டியில் நல்ல ஜலம் நிரப்பி, ஜலமட்டத்துக்குச் சற்றுக் கீழே ஒரு வலையை இறுகக் கட்டி, மீன் மேலே வராதபடி தடுத்தால், அதே தொட்டியில் ரோகு சுகமாய் நீந்திக்கொண்டிருக்கப் பனையேறி மூச்சு முட்டி இறக்கும். மீன் ஒன்று ஜலத்தில் மூழ்கிச் சாவதென்பது வேடிக்கைபோல் தோன்றலாம், உண்மை இதுவே. ஆகாயத் தாமரை குட்டை முழுவதையும் பாய் விரித்தாற்போல் மூடி இறுகினால் இதன் மேல்வழி குறுகுகிறது. குட்டையை அப்படி மூடவிடுவது தவறு. ஆங்காங்கே ஜலம் வெளியே தெரியும்படி திறப்பு வேண்டும்.

ஈரமான இரவில் இது தரையில் செல்லும் விதம் பார்க்கத் தக்கது. செவுள் மூடிகளை அகல விரித்து, அவற்றின் பற்களைத் தரையில் ஊன்றிக்கொண்டு, வாலால் உந்தி உந்தி முன்னேறும். வரிசையாகச் செல்லும் மீன்கள் ஒரு வரப்பைத் தாண்டி அடுத்த மடையில் இறங்குவதைப் பார்த்த கிழவர்கள் இன்றும் பல ஊர்களில் உண்டு. உடல் ஈரமாக இருக்கும்வரையில் பல மணி நேரம் வெளியே தாங்கும்; வெயில் ஏறித் தோல் உலர்ந்தால் பிழைப்பதில்லை. ஆகையால் இது பெரும்பாலும் மழையிலும் பனியிலும் இருட்டிலுமே புறப்படுகிறது.

பனையில் ஏறுமா என்ற கேள்வி பழமையானது. இந்திய மீன் ஒன்று ஜலத்தை விட்டுத் தென்னையில் ஏறி அதன் சாற்றைக் குடிக்கிறதென்று கி.பி. 9-ஆம் நூற்றாண்டின் அரபுப் பிரயாணிகள் கேள்விப்பட்டு எழுதி வைத்தனர். நூல் உலகில் இதனைப் பிரசித்தமாக்கியது நமது தரங்கம்பாடியே. அவ்வூர் 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் வசம் இருந்தது. அவர்களது கம்பெனியில் லெப்டினண்டாக இருந்த டால்டார்ப் என்பவர், 1791-ஆம் ஆண்டில் ஒரு குளக்கரைப் பனைமரத்தின் வெடிப்பில், ஜலமட்டத்துக்கு ஐந்தடி உயரத்தில், மழைநீர் வழிந்துகொண்டிருந்த இடத்தில் இம்மீனைத் தம் கையாலேயே பிடித்ததாகத் தெரிவித்தார். அச்செய்தி 1797-இல் லண்டன் லின்னேயன் சங்கத்தின் வெளியீட்டில் அச்சாயிற்று. அதன் பின் நூறு வருஷங்களுக்கு மேலாக இதைப் பற்றி வாதம் நடந்தது. மரத்தில் காணப்படும் மீன்களைக் காக்கையும் பருந்தும் வரப்பிலிருந்து தூக்கிச் சென்று பனை மட்டைகளின் இடுக்கில் போட்டுவிடுகின்றன என்றும், மீனோ மூச்சுவிடும் திறத்தால் அங்கேயும் உயிரோடு துடித்துக்கொண்டிருக்கிறது என்றும் 1927-ஆம் ஆண்டில் தாஸ் என்ற இந்திய விஞ்ஞானி சமாதானம் கூறினார். இதுவே பொருத்தமாகத் தோன்றுகிறது. ஆயினும் சாய்ந்த, வெடிப்புள்ள, மழை வழியும் அடிமரத்தில் இரண்டொரு முழம் ஏறாது என்று சத்தியம் செய்ய எனக்குத் துணிவில்லை. பெயர் வைத்த நம் முன்னோர் பருந்தை அறியாதவர்கள் அல்லர்.

முதல் மழையில் இது வெளியே புறப்படுவது வீண் உலாவன்று. புது வெள்ளம் வாய்க்காலில் இறங்கியதும், சினை முற்றிய மீன்கள் எதிரேறி, ஆழமில்லாத வயல்களையும் புல் முளைத்த தாழ்நிலங்களையும் நாடி முட்டையிடும். முட்டைகள் எண்ணெய்த் துளியோடு கூடியவையாதலால் ஜலத்தின் மேலே மிதக்கும். ஒரு நாளளவில் பொரியும். இதன் உறவான குராமியும் சண்டை மீனும் கூடு அமைத்துக் காவல் இருப்பதுபோல் இது செய்வதில்லை; முட்டையிட்டதோடு தாய் தந்தையின் கடமை தீர்ந்தது. குஞ்சுகளில் பெரியவை சிறியவற்றை விழுங்கும். ஆகவே ஆயிரக்கணக்கான முட்டைகளிலிருந்து தேறுபவை சிலவே. வயலில் அவை கொசுப் புழு, பூச்சி, சிறு இறால், புழு, பாசி, உதிர்ந்த நெல் ஆகியவற்றை உண்டு வளர்ந்து, ஓராண்டுக்குள் சினைக்கு வரும்.

இப்பொழுது நம் ஊர்களில் நடப்பதைக் கவனிக்க வேண்டும். புது வெள்ளம் வந்ததும் கலிங்கிலும் மடைவாயிலும் பறி வைத்தும், ஊத்தாவால் கவிழ்த்தும், மின்சாரக் கம்பியை ஜலத்தில் விட்டும் ஏறும் மீனை அள்ளுகின்றனர். அன்றைக்குப் பிடிபடுவது பெரும்பாலும் வயிறு நிறைந்த சினை மீன். விதை நெல்லைக் குத்திச் சமைப்பதற்கும் இதற்கும் வித்தியாசம் இல்லை. முதல் மழையின் ஒரு பத்து நாளைக்கு மடைவாயில் பறி வைப்பதை ஊரார் கூடி நிறுத்திவைத்தால், நஷ்டம் ஒன்றுமில்லை. அதே மீனின் குஞ்சுகள் தை, மாசியில் வயலிலிருந்து இறங்கும்பொழுது பன்மடங்காய்க் கிடைக்கும். மின்சாரம் பாய்ச்சுவது மீனுக்கு மட்டுமல்ல, பாய்ச்சுகிறவனுக்கும் யமன்.

மீன் பிடிப்போர்க்கு மற்றோர் எச்சரிக்கை. இரண்டு கையாலும் துழாவுகிறவன், முதலில் அகப்பட்ட மீனைப் பல்லால் கடித்துப் பிடித்துக்கொண்டு அடுத்ததற்குக் கை நீட்டுவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. பனையேறி வழுக்கித் தொண்டைக்குள் புகுந்தால் மூச்சுக் குழலை அடைத்துக்கொள்ளும். இவ்வாறு மரணம் நேர்ந்த செய்திகள் இந்திய வைத்திய சஞ்சிகைகளில் திரும்பத் திரும்ப வெளியாகியுள்ளன. வாலைப் பிடித்து வெளியே இழுக்க முயன்றால், முதுகு முட்களும் செவுள் பற்களும் பின்னோக்கி விரிந்து தசையில் இன்னும் ஆழமாகத் தைக்கும். ஒரு நிமிஷமும் தாமதியாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். டாக்டர் கழுத்தில் மூச்சுக் குழலைத் திறந்து உயிரைக் காக்கக் கூடும். பிள்ளைகளுக்கு இவ்வழக்கத்தை ஆரம்பத்திலேயே கண்டித்துத் தடுப்பது பெரியவர்கள் பொறுப்பு.

இனி கண்ணாடித் தொட்டியைப் பற்றிச் சிறிது. காற்றைச் சுவாசிக்கும் மீன்களே அலங்காரத் தொட்டிகளின் முன்னோடிகள் என்று சொல்லலாம். வெப்ப தேசத்து மீனை ஐரோப்பாவில் வளர்க்கும் வழக்கம் பரவியது, சீனத்திலிருந்து 1869-இல் பாரிசுக்கு வந்து சேர்ந்த சொர்க்க மீனால். அதுவும் பனையேறியின் உறவே. காற்றை விழுங்கும் மீனாகையால் அக்காலத்து நீண்ட கப்பல் பிரயாணத்தைத் தாங்கியது. பனையேறி அதைப்போல் அழகிய மீன் அன்று. பட்டணத்துக் கடைக்காரர் இதைக் காட்சிக்கு வைப்பது அருமை. ஆனால் ஒரு பள்ளிக்கூடத்திலோ, கிராமச் சாவடியிலோ, வீட்டுத் திண்ணையிலோ வைத்துப் பார்ப்பதற்கு இதைவிடச் சுவையான மீன் இல்லை. சில நாட்களுக்குள் ஆளை அறிந்துகொண்டு, மண்புழுவைக் காட்டினால் முன்னே வந்து நிற்கும். ஒரு கண்ணால் சாய்ந்து பார்ப்பதில் ஒரு தோரணை உண்டு.

தொட்டி மூன்றடி நீளத்துக்குக் குறையக் கூடாது. நான்கைந்து மீனுக்கு நூறு லிட்டர் ஜலம் போதும். குழாய் ஜலமானால் ஒரு நாள் வெளியே வைத்து, குளோரின் நீங்கிய பின் ஊற்றுக. காற்றுக் குமிழி விடும் யந்திரம் இதற்கு அவசியமில்லை என்பது மெய். அதைக் கொண்டு ஜலத்தை மாற்றவே வேண்டியதில்லை என்று எண்ணுவது பொய். கழிவிலிருந்து பிறக்கும் அம்மோனியா எந்த மீனையும் வாட்டும். வாரத்துக்கு ஒரு முறை நாலில் ஒரு பங்கு ஜலத்தை மாற்ற வேண்டும். ஜலமட்டத்துக்கும் மூடிக்கும் இடையே நான்கு அங்குலம் வெற்றிடம் கட்டாயம் விடுக. விளிம்பு வரையில் நிரப்பி இறுக மூடுவது மீனைக் கொல்வதாகும். வேலம்பாசி முதலியன கொஞ்சம் இட்டு, ஒளிய ஒரு பானை ஓட்டையும் வைத்தால் சண்டை குறையும். வாய்க்கு அடங்கும் சிறு மீன்களை இதோடு சேர்க்க வேண்டாம். மறுநாள் கணக்குக் குறையும்.

மூடியைப் பற்றி நான் பட்டு அறிந்ததைச் சொல்கிறேன். முதன்முதல் ஐந்து மீன்களைத் தொட்டியில் விட்டு, கொசு வலையால் மூடி, ஓரத்தில் இரண்டு புத்தகங்களைப் பாரமாக வைத்தேன். அன்றிரவு மழை. காலையில் தொட்டியில் மூன்று இருந்தன. ஒன்று தூணடியில் உலர்ந்து கிடந்தது. மற்றொன்றைத் தேடித் தேடி விட்டுவிட்டோம். மத்தியானம் கொல்லைப்புறத்தில், பாத்திரம் கழுவும் ஜலம் தேங்கும் குழியில் வாலாட்டிக்கொண்டிருந்தது. திண்ணையிலிருந்து அக்குழிக்கு முப்பது அடிக்குக் குறையாது. அதன் பிறகு மரச்சட்டம் போட்ட கம்பி வலையைக் கொக்கி கொண்டு மாட்டியிருக்கிறேன்.

தொட்டியில் வளர்த்த மீனை வேண்டாமென்று வேறு தேசத்து நீர்நிலையில் விடுவது பெரும் பிழை. பனையேறி தனக்குச் சொந்தமில்லாத நியூகினியின் தென்பகுதியில் பரவி, அங்கிருந்து ஆஸ்திரேலியாவுக்கு உட்பட்ட டாரஸ் ஜலசந்தித் தீவுகளான சைபாய், போய்கு வரையில் இந்நூற்றாண்டில் எட்டிவிட்டது. அங்குள்ள பறவைகளும் மீன்களும் இதை விழுங்கினால், இது தொண்டையில் முள்ளை விரித்து அவற்றைக் கொல்லும் என்று அந்நாட்டார் காவல் வைத்துப் பார்க்கின்றனர். இங்கே நல்ல மீன் அங்கே பகை. நமக்கும் இதே அனுபவம் எதிர்த் திசையில் உண்டு. 1952-இல் இந்தியாவுக்குக் கொண்டுவரப்பட்ட திலாப்பியா, ஜிலேபிக் கெண்டை என்ற பெயரோடு நம் ஏரிகளை நிரப்பிவிட்டது. ஆப்பிரிக்கக் கெளிறு வளர்ப்பதை மத்திய சர்க்கார் 2000-இல் தடை செய்தும், அது இன்னும் குளங்களில் அகப்படுகிறது. பனையேறியின் குஞ்சை ருசி பார்ப்பதில் இவ்விரண்டும் சளைத்தவை அல்ல.

வயலில் இதன் பெரும் பகைவன் பூச்சி மருந்து. காற்றைச் சுவாசிப்பதால் விஷத்துக்குத் தப்பும் என்று நினைப்பவர் உண்டு. விஷம் செவுளாலும் தோலாலும், செத்த பூச்சியைத் தின்பதாலும் உட்செல்கிறது. அதற்கு மேலே வந்து விழுங்கும் காற்று என்ன செய்யும்? 2011-இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்த எண்டோசல்பான், மீன்களுக்கு மிகச் சொற்ப அளவிலேயே கொடியது. இப்பொழுது கடைகளில் கிடைக்கும் பைரித்ராய்டு வகைகளும் மீனுக்கு அப்படியே. தெளித்தே தீரவேண்டிய நிலை வந்தால், வயல் ஜலத்தை வாய்க்காலில் வடியவிடாமல் மடையை அடைத்து வைக்க வேண்டும்; தெளித்த கருவிகளைக் குளத்தில் கழுவுவது கூடவே கூடாது. மீனோடு நெல் விளைக்க விரும்புவோர், வயலின் தாழ்ந்த ஓரத்தில், பரப்பில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படாமல், இரண்டடி ஆழக் கால்வாய் வெட்டி வைத்தால், மருந்து தெளிக்கும்போதும் ஜலம் குறையும்போதும் மீன் அதில் ஒதுங்கும். இதை வரப்போரத்தில் தாழ்த்தி வெட்டாமல் மேட்டில் வெட்டிய ஒருவர் கால்வாயில் ஜலமும் இல்லை, மீனும் இல்லை என்று குறைப்பட்டுக்கொண்டார்.

குஞ்சு வேண்டுவோர் மழையை நம்பியே இருக்க வேண்டியதில்லை. 1957-ஆம் ஆண்டு ஜூலையில் ஒடிசாவில் ஹீராலால் சௌதுரி, பிட்யூட்டரிச் சாற்றை ஊசியால் செலுத்திக் கெண்டை மீன்களை முட்டையிடச் செய்தார். அம்முறை பின்னர் பனையேறிக்கும் பயன்பட்டு, வங்காளம், வங்காளதேசம், சயாம், வியட்நாம் ஆகிய இடங்களில் குளத்தில் வளர்க்கும் மீனாகவே இது ஆகிவிட்டது. குஞ்சுகளை வளர்ப்பவர் அளவுவாரியாகப் பிரித்து விடாவிட்டால், பெரியது சிறியதைத் தின்று, கடைசியில் கொழுத்த சிலவே மிஞ்சும். குளத்தின் கரையைச் சுற்றி இரண்டடி உயரத்துக்கு வலைத் தடுப்பும் வேண்டும். இல்லையேல் முதல் மழையிரவில் சரக்குத் தானே நடந்து அடுத்தவர் நிலத்துக்குச் சென்றுவிடும்.

கிராம உத்தியோகஸ்தர்களிடம் தெரிவிக்க வேண்டியது மீன்பாசிக் குத்தகையைப் பற்றியது. ஏலம் எடுத்தவர், காலம் முடிவதற்குள் கடைசி மீன் வரையில் எடுத்துவிட வேண்டுமென்று, மதகடிப் பள்ளத்தையும் இயந்திரம் வைத்து இறைத்துச் சேற்றைக் கையால் துழாவிவிடுகிறார். அவர் செலுத்திய பணத்துக்கு அது நியாயம் என்று அவருக்குத் தோன்றும். ஆனால் அப்பள்ளத்தில் ஒதுங்கிய பனையேறியும் விராலும் தேளியுமே அடுத்த மழைக்கு ஏரியின் விதை முதல். குத்தகை நிபந்தனைகளில் ஒன்றைச் சேர்த்தால் போதும்: மதகடியில் இன்ன அளவுள்ள பள்ளத்தை இறைக்கலாகாது, அதன்மேல் வலை வீசுவது சித்திரை முதல் தேதியோடு நிற்க வேண்டும். பள்ளத்தின் எல்லையைச் சாதாரண மூங்கில் முளைகள் நான்கு நட்டுக் காட்டிவிடலாம். ஏலம் கூறும்போதே இதைத் தண்டோராவில் அறிவித்துவிட்டால், கேட்பவர் அதற்குத் தக்கபடி தொகையைக் கூறுவர்; பின்னால் தகராறு இராது.